கத்திரி வெயிலில் உங்கள் பூச்செடிகள் எப்படி இருக்கின்றன?

மதிலோரம், ஸ்ரீரங்கம்:

கத்திரி பிறந்ததிலிருந்து காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எங்கள் வீட்டில் வாசல் தொடங்கிக் கிணற்றடி வரைக்கும் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரே வரிசையாகப் பூச்செடிகள்தான். முன்னால் பட்டுரோஜா, அதற்குப் பின்னால் கனகாம்பரம், சுவரோரம் இட்லிப்பூவும் செம்பருத்தியும், கிணற்றடியில் குண்டுமல்லி, மூலையில் நந்தியாவட்டை. மேற்கு வெயில் முழுதும் வாங்கும் சுவர். பொழுது சாயும் நேரத்தில் தொட்டாலும் சுடுகிறது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டுரோஜா இந்த வெயிலுக்கென்றே பிறந்தது. காலையில் சிவப்பும் மஞ்சளுமாகத் தரை தெரியாமல் விரிந்து, பிற்பகலில் குவிந்துகொள்கிறது. நந்தியாவட்டை பூஜைக்குக் குறை வைக்கவில்லை. செம்பருத்தியும் பரவாயில்லை.

கவலை மற்ற மூன்றில்தான். இட்லிப்பூவின் கொழுந்து இலைகள் வெளுத்து மஞ்சளாகிவிட்டன, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன. மல்லி மொட்டுகளில் பாதி ஊதா நிறம் ஏறி, விரியாமலே கருகுகின்றன. கனகாம்பரம் மதியம் தலை தொங்கினால் மாலையிலும் நிமிர்வதில்லை. வீட்டில் எல்லோரும் தண்ணீர் போதவில்லை என்கிறார்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் நல்ல ஈரம் இருக்கிறது. எனக்கென்னவோ மூன்றுக்கும் மூன்று காரணம் என்றே தோன்றுகிறது. உங்கள் தோட்டங்களில் என்ன நிலைமை?

மல்லித்தோட்டம், மதுரை:

நீங்கள் நினைப்பது சரிதான் அம்மா. மூன்றும் வேறு வேறு. தயவுசெய்து தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

மல்லியை முதலில் பார்ப்போம், எங்களுக்கு அதுதான் வாழ்க்கை. ஊதா ஏறிய மொட்டு ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இதழில் வட்டமாகத் துளை இருந்து, பக்கத்து மொட்டுகளை நூலாம்படை போல் ஒன்றாகப் பின்னியிருந்தால் அது மொட்டுப்புழு. நகத்தால் கீறினால் உள்ளே பச்சை நிறப் புழு நெளியும். துளையே இல்லாமல் மொட்டின் அடிப்பாகம் மட்டும் வீங்கியிருந்தால் அது ஈயின் வேலை. அதன் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். ஆகவே முதல் வகைக்கு மேலே பார்க்க வேண்டும், இரண்டாவதற்குக் கீழே பார்க்க வேண்டும்.

எதுவானாலும் கெட்ட மொட்டுகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள். செடியடியில் வீசினால் பறித்த பலனே இல்லை. புழுவுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். ஈயாக இருந்தால் செடியடி மண்ணை லேசாகக் கொத்தி வேப்பம் பிண்ணாக்கைக் கலந்துவிடுங்கள். கார்த்திகை வாக்கில் கவாத்து செய்தீர்களா? நாங்கள் நவம்பர் கடைசியில் வெட்டிவிடுவோம். அப்போதுதான் பங்குனியிலிருந்து மொட்டு அடைஅடையாக வரும். நெருக்கமாக விட்ட புதரில் காற்றும் வெளிச்சமும் போகாது, பூச்சி குடியிருக்க வசதியாகிவிடும்.

கனகாம்பரத்தில் மோசமான செடி ஒன்றை வேரோடு எடுத்துக் கழுவிப் பாருங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல்தான் ஈரத்திலேயே வாடுகிறது.

மலைச்சரிவு, கோத்தகிரி:

இட்லிப்பூவைப் பற்றி நான் சொல்கிறேன். சுவரோரம் என்றீர்களே அக்கா, காரணம் அங்கேதான் இருக்கிறது. சுவர் கட்டியபோது விழுந்த சிமெண்டும் காரையும் மண்ணோடு கலந்து, மழைக்கு மழை சுண்ணாம்பு கசிந்து, மண் காரத்தன்மை ஏறிப்போகும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூ புளிப்பு மண்ணை விரும்பும் செடி, அதனால் முதலில் அதுதான் வெளுக்கும். கொழுந்தில் மஞ்சள், நரம்பில் பச்சை என்றால் இரும்புப் பற்றாக்குறைதான்.

எங்கள் தேயிலைச் சரிவுகளில் மண்ணே புளிப்பு. அதனால்தான் ஹைட்ரேஞ்சியா இங்கே பந்து பந்தாக நீலத்தில் பூக்கிறது. அதே செடியைச் சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாக மாறிவிடும். இப்போது கோடை மழை விழுந்து டேலியாவும் நன்றாக இருக்கிறது.

அன்னபேதி உப்பு, அதாவது பெர்ரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு மாலையில் இலைமேல் தெளியுங்கள். சுவரில் பட்டால் துருக்கறை போகாது, ஓர் அட்டையை நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். தெளிப்பு உடனடி உதவி மட்டுமே. அடுத்த மழைக்காலத்தில் செடியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நடுவதே நிரந்தர வழி.

மாடித்தோட்டம், தாம்பரம்:

எங்களுக்குத் தரை இல்லை, எல்லாம் தொட்டிதான். ஜினியாவும் பட்டுரோஜாவும் அமோகம். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தேன், இலை தெரியாமல் பூத்துவிட்டது! ரோஜாவை மட்டும் பச்சை வலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளில் மண்மேல் வெள்ளையாக உப்புப் படிகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காய்ந்த வேப்பிலையால் மூடாக்குப் போட்டபின் மண் சூடாவது நன்றாகவே குறைந்திருக்கிறது.

மதிலோரம், ஸ்ரீரங்கம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மல்லியில் துளையும் இருக்கிறது, பின்னலும் இருக்கிறது. கீறியதும் பச்சைப்புழு வெளியே வந்தது. மொட்டுகளைப் பறித்து எடுத்தாகிவிட்டது, இன்று மாலை வேப்பெண்ணெய். இட்லிப்பூவுக்கு அன்னபேதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

கனகாம்பரத்தின் வேர் முழுக்க முடிச்சு. பார்க்கவே மனம் கஷ்டமாகிவிட்டது, வரலட்சுமி நோன்புக்கு அதை நம்பியிருந்தேன். அந்த இடத்தில் செண்டுமல்லி போட்டால் நூற்புழு குறையும் என்கிறார்களே, உண்மையா?

மல்லித்தோட்டம், மதுரை:

குறையும் அம்மா, ஆனால் ஓரத்தில் நான்கு செடி வைத்தால் போதாது. கனகாம்பரம் இருந்த இடம் முழுவதும் நெருக்கமாக நட்டு, பூத்து முடியும்வரை விட வேண்டும். பிறகு பிடுங்கி எறியாமல் கொத்தி அந்த மண்ணிலேயே மடக்கிவிடுங்கள். முடிச்சு விழுந்த வேர்களை மட்டும் எருக்குழியில் போடாதீர்கள், எரித்துவிடுங்கள். ஆடியில் செண்டுமல்லி பூத்துவிடும், நோன்புக்கு அதையே கட்டலாம். கனகாம்பரத்தை அதற்குப் பிறகு புது நாற்றாக வையுங்கள்.