சிட்டி விடெக்கில் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்: வேகம் கூடினாலும் கனமாவதில்லை, உதவுங்கள்

கோவையில் என் 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை ட்ராக்குக்குத் தயார் செய்கிறேன். ஓட்டப்போவது செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். இன்ஜின் சுமையைக் குறைக்க ஸ்டீயரிங்கின் ஹைட்ராலிக் பம்பைக் கழற்றிவிட்டு, மாருதி ஸ்விஃப்ட்டின் இபிஎஸ் (எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்) அசெம்பிளியை மோட்டார், இசியூவோடு (அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பொருத்தியிருக்கிறோம். ஸ்டீயரிங் ரேக்கில் (சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு) இருந்த ஆயிலை வடித்து, இரண்டு போர்ட்டையும் ஒன்றோடொன்று இணைத்து லூப் செய்தாச்சு.

பார்க்கிங்கில் அருமையாகத் திரும்புகிறது. ஆனால் 80-ஐத் தாண்டினாலும் அதே லேசுதான். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை. நேர் ரோட்டில் விரல் பட்டாலே வண்டி விலகுகிறது. இப்படியே ட்ராக்கில் இறக்க எனக்குத் துணிவில்லை.

பேட்டரியிலிருந்து தனி வயர், 60 ஆம்பியர் ஃபியூஸ், புது எர்த் போட்டுப் பார்த்தோம். முழு லாக்கிலும் வோல்டேஜ் 12-க்குக் கீழே இறங்கவில்லை. டார்க் சென்சர் (ஸ்டீயரிங்கைத் திருப்பும் விசையை அளப்பது) நடுநிலையில் இரண்டு வயரிலும் 2.5 வோல்ட். அலைன்மென்ட், காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) சரி. கியர்பாக்ஸ் ஸ்பீட் சென்சர் வயரை இசியூவுக்குக் கொடுத்தும் மாற்றமில்லை; சக்கரத்தைக் கையால் சுற்றினால் மல்டிமீட்டரில் பல்ஸ் தெரிகிறது.

டயல் வைத்து மோட்டாரின் உதவியைக் கையால் குறைக்கும் கன்ட்ரோலர் வேண்டாம், வேகத்துக்கேற்பத் தானாக மாற வேண்டும்.

ஹோண்டா கியர்பாக்ஸ் பல்ஸை ஸ்விஃப்ட் இசியூ ஏற்க நடுவில் என்ன சர்க்யூட் போட வேண்டும்?