ரேவல்சின்னிப் பொடியில் மஞ்சள்: 1875 பிரிட்டன் சட்டத்தில் வழக்கு எப்படி நின்றது?

கேள்வி:
பிரிட்டனின் 1875 உணவு, மருந்து விற்பனைச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மருந்துக் கடையில் ரேவல்சின்னி (rhubarb என்ற மலமிளக்கி வேர்க்கிழங்கு) பொடியில் மஞ்சள் கலந்திருந்தால், கடைக்காரர் "மொத்த வியாபாரி கொடுத்தது, எனக்குத் தெரியாது" என்று தப்ப முடிந்ததா? கலப்படத்தை எப்படி நிரூபித்தார்கள்?

பதில் 1:
தெரியாது என்றால் மட்டும் போதாது. 6ஆம் பிரிவு கேட்பது ஒன்றுதான்: வாங்குபவர் கேட்ட தன்மையிலும் தரத்திலும் பொருள் இருந்ததா? இல்லையென்றால் 20 பவுண்டு வரை அபராதம். விற்றவருக்கு விஷயம் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பது 1888இல், படிகாரம் கலந்த ரொட்டி வழக்கில் உறுதியானது. தப்ப ஒரே வழி 25ஆம் பிரிவு. மொத்த வியாபாரி எழுத்தில் கொடுத்த உத்தரவாதம் கையில் இருக்க வேண்டும், சந்தேகப்படக் காரணம் இருந்திருக்கக் கூடாது, வாங்கியபடியே விற்றிருக்க வேண்டும். கிழங்கை வாங்கித் தானே இடித்துப் பொடித்தவருக்கு இது உதவாது.

பதில் 2:
வழக்குகள் பலவும் மாதிரி எடுக்கும் இடத்திலேயே கவிழ்ந்தன. இன்ஸ்பெக்டர் காசு கொடுத்து வாங்கி முடித்ததும், அங்கேயே, "இதைப் பொதுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துப் பரிசோதிக்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று பங்காகப் பிரிக்கவும் முன்வர வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் ஒன்று அவருக்கு, ஒன்று ஆய்வுக்கு, ஒன்று இன்ஸ்பெக்டரிடம், மூன்றிலும் முத்திரை. வார்த்தை ஒன்று விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். பொடியைப் பிரிக்குமுன் நன்றாகக் கலக்காவிட்டால் மூன்று பங்கும் மூன்று முடிவு சொல்லும். முடிவு முரண்பட்டால் நீதிபதி லண்டன் சாமர்செட் ஹவுஸிலிருந்த அரசு வருவாய்த் துறை வேதியியலாளர்களுக்கு அனுப்பலாம்.

பதில் 3:
ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன், இதுதான் நுணுக்கமான இடம். ஆரத்தி நீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சோதனை இங்கே செல்லாது. ரேவல்சின்னியும் சுண்ணாம்பு போன்ற காரத்தில் சிவக்கும். அதனால் பொடியைச் சாராயத்தில் ஊறவைத்து, வடித்த சாற்றில் தாளை நனைத்து, போரிக் அமிலமும் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து உலர்த்துவார்கள். மஞ்சள் இருந்தால் தாள் செம்பழுப்பாகும், அம்மோனியா பட்டதும் கரும்பச்சை நீலமாக மாறும்.

நுண்ணோக்கி இன்னும் உறுதி. ரேவல்சின்னியில் நட்சத்திரக் கொத்தாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், அதோடு முழு மாவுமணிகள். மஞ்சளை உலர்த்துமுன் அவிப்பதால் அதன் மாவு கூழாகிப் போயிருக்கும், மஞ்சள் நிறக் கட்டிகளாகத் தெரியும். அந்தக் கட்டிகள் தெரிந்தால் மஞ்சள் கலந்ததற்கு அது வலுவான அடையாளம்.

ஆனால் சான்றிதழில் "கலப்படம்" என்று மட்டும் எழுதினால் நீதிமன்றம் ஏற்காது; எத்தனை பங்கு அந்நியப் பொருள் என்று வேண்டும். தெரிந்த விகிதத்தில் மஞ்சள் கலந்த பொடிகளைத் தயாரித்து ஒப்பிட்டுத்தான் மதிப்பிட முடியும்.

கேட்டவர்:
நன்றி. "ரகசியச் செய்முறை" என்று விற்ற மூலிகை மருந்துகள்?

பதில் 1:
அவை தப்பின. தனியுரிமை மருந்துகளையும் காப்புரிமை நடப்பில் இருந்தவற்றையும் 6ஆம் பிரிவே விலக்கியது. சட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான்: பெயர் சொல்லித் தனிக் கிழங்கு விற்றவர் மாட்டினார், என்ன இருக்கிறதென்றே சொல்லாதவர் மாட்டவில்லை.