படிவத்தில் அஃபேசியா: 'பேச்சிழப்பு' வேண்டாம், 'மொழிக்குலைவு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றுக்காக, அங்கே தங்கியிருப்பவர்களின் நிலையைப் பதியும் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் அஃபேசியாவுக்கு, அதாவது மூளை பாதிக்கப்பட்டுப் பேசுவதும் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் குலையும் நிலைக்கு, 'பேச்சிழப்பு' என்று போடலாம் என்று நம்மில் ஓர் அண்ணன் எழுதியிருந்தார். பலரும் புழங்கும் சொல்தான். ஆனாலும் இந்தப் படிவத்துக்கு அது ஆகாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

பாரிசவாதம் வந்து மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் குலைவது மொழி. பேச்சு முழுக்க நின்றுதான் போக வேண்டும் என்றில்லை. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா விவரித்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பெரும்பாலும் வராது, ஆனால் பிறர் சொல்வது பெருமளவு புரிந்தது. 1874இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே விவரித்தவர்களோ தடையில்லாமல் பேசினார்கள். பேச்சில் பொருள்தான் இல்லை, பிறர் சொல்வதும் சரியாகப் புரியவில்லை. நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறவருக்கு நேரே 'பேச்சிழப்பு' என்று எப்படி எழுதுவது?

அந்த இல்லத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மா ஒருவர் இருக்கிறார். தேத்தண்ணி வேண்டுமென்றாலும் 'கூடை', போர்வை வேண்டுமென்றாலும் 'கூடை'. கோப்பையைக் காட்டி "இதுவாம்மா?" என்றால் தலையாட்டுவார். போர்வையைக் காட்டினால் கையால் தள்ளிவிடுவார். ஒன்று, இரண்டு என்று நாம் தொடங்கிக் கொடுத்தால் பத்து வரை தானே சொல்லிவிடுவார். அவருடைய பழைய பதிவில் இருந்தது ஒரே வரி: 'பேச மாட்டார், ஞாபகம் இல்லை.' அதைப் படிப்பவர் அவரிடம் எதையும் கேட்கவே மாட்டார். எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

அதனால் என் பரிந்துரை 'மொழிக்குலைவு'. பேசுவதும் புரிந்துகொள்வதும் ஏறக்குறைய முழுக்கக் குலைந்த நிலைக்கு 'முழு மொழிக்குலைவு'. நாக்கும் உதடும் தளர்ந்து உச்சரிப்பு கெடுவது வேறு, அதற்குப் 'பேச்சுக்குழறல்' இருக்கட்டும். குரல் எழாததற்குக் 'குரலிழப்பு'. 'மொழிக்குலைவு' என்றால் தமிழே கெட்டுப்போனது போலக் கேட்கிறது என்று தங்கை ஒருவர் சொன்னார். நோய்களின் வரிசையில், பாரிசவாதத்துக்குக் கீழே நிற்கும்போது அப்படி யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சொல்லை மட்டும் மாற்றினால் போதாது, அதை எந்தக் கட்டத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்கள் அங்கே இருப்பவர்களின் நிலையை மதிப்பிட நிரப்பும் எம்டிஎஸ் (Minimum Data Set) படிவத்தில் அஃபேசியா நோய்ப் பகுதியில் வருகிறது. பேச்சுத் தெளிவு, தன் எண்ணத்தைப் புரியவைத்தல், பிறரைப் புரிந்துகொள்ளல் மூன்றும் வேறு பகுதியில் தனித்தனிக் கேள்விகள். சொல்ல வருவது அரிதாகவே புரிகிறது, அல்லது புரிவதே இல்லை என்ற நிலையில் இருப்பவரிடம் ஞாபகச் சோதனைக்கான நேர்காணல் நடத்துவதில்லை. ஊழியர்கள் கவனித்ததை வைத்து மதிப்பிடுகிறார்கள். இந்தப் பிரிப்பை நாமும் எடுத்துக்கொள்ளலாம். நோயின் பெயரை வைத்தியர் எழுதட்டும். பராமரிப்பவர் தான் கண்டதை எழுதட்டும்: 'சொல் மாறி வருகிறது, பொருளைக் காட்டினால் சரியாகத் தெரிவு செய்கிறார்.'

அப்புறம், மலையகத்துக்கென்றே ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்: 'கேள்வி எந்த மொழியில் கேட்கப்பட்டது?' பராமரிக்க வந்த, சிங்களம் மட்டும் தெரிந்த பிள்ளை கேட்டு, தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி பதில் சொல்லாமலிருந்தால் அது நோயே இல்லை. இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே அளவில் குலைய வேண்டும் என்றும் இல்லை. இரண்டிலும் கேட்டுத் தனித்தனியாக எழுத இடம் விடுங்கள்.

ஒன்று இன்னும் பாக்கி. நினைத்த சொல் வாய்க்கு வராமல் தவிப்பதற்கு 'சொல் எட்டாமை' என்று வைத்திருக்கிறேன். தோட்டத்தில் இதற்கு வேறு வழக்கு இருந்தால் எழுதுங்கள், அதையே போட்டுவிடலாம்.