பிஏஎம்மில் தொடங்கி ஜிஎஸ்எஸ்-ஏபிஐக்கு வந்த அனுபவம்

லாகின் விஷயத்தில் நாங்கள் எடுத்த முதல் முடிவே தவறு. க்ளையன்ட், சர்வர் இரண்டும் சி-யில், நடுவில் நாங்களே வகுத்த சின்ன புரோட்டோகால். லினக்ஸில் பயனரைச் சரிபார்க்கும் அமைப்பான பிஏஎம் (PAM) கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அதையே பிடித்துக்கொண்டோம். பாஸ்வேர்டு டிஎல்எஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக வரும், சர்வர் பிஏஎம்மிடம் கேட்டுச் சரிபார்க்கும். ஓடத்தான் செய்தது. ஆனால் பிஏஎம் ஒரு கணினிக்குள் சரிபார்ப்பதற்கானது. நெட்வொர்க்கின் அந்தப் பக்கம் இருப்பவர் பாஸ்வேர்டைத் தராமலே தன்னை நிரூபிக்க அதில் வழியில்லை. ஒருநாள் பிழை தேட வைத்திருந்த டீபக் லாக் கோப்பில் ஒருவருடைய பாஸ்வேர்டு அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. அன்றே மாற்றுவது என்று முடிவு.

பாஸ்வேர்டுக்குப் பதில் டிக்கெட் காட்டி நுழைய வைக்கும் கெர்பரோஸ் எங்களிடம் ஏற்கெனவே இருந்ததால் அதன் லைப்ரரியையே அழைக்கலாமா என்று பார்த்தோம். அந்த அழைப்புகள் கெர்பரோஸின் இரு செயலாக்கங்களான எம்ஐடியிலும் ஹைம்டாலிலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. கெர்பரோஸ் போன்ற முறைகளை ஒரே விதமாக அழைக்க உதவும் பொது இடைமுகமான ஜிஎஸ்எஸ்-ஏபிஐக்கோ (GSS-API) இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 2743, சி மொழிக்கு 2744 என்று 2000-லேயே தெளிவான வரையறை வந்துவிட்டது. விண்டோஸில் இதே போன்ற இடைமுகமான எஸ்எஸ்பிஐ வைத்து எழுதிய க்ளையன்ட்டும் கெர்பரோஸ் வழியாக இதனோடு பேசும். அதனால் இதையே எடுத்தோம்.

ஜிஎஸ்எஸ்-ஏபிஐ டோக்கனை, அதாவது அடையாளத்தை நிரூபிக்க அனுப்பும் பைட் தொகுப்பை, தயாரித்துக் கையில் கொடுக்கும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் கொண்டுசேர்ப்பது நம் வேலை. அங்கேதான் அடி வாங்கினோம். 4096 பைட் பஃபர் வைத்து ஒரே தடவை படித்தோம். டெஸ்ட் கணக்குகள் எல்லாம் நுழைந்தன. நிஜத்தில் சிலருக்கு மட்டும் 'டோக்கன் செல்லாது'. கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட நேர வித்தியாசம்தான் பொறுக்கும் என்பதால் இரண்டு நாள் கடிகாரத்தையே சந்தேகப்பட்டோம். மாட்டியவர்கள் எல்லாருமே ஏகப்பட்ட குழுக்களில் இருப்பவர்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. மைக்ரோசாஃப்டின் பயனர் கோப்பகமான ஆக்டிவ் டைரக்டரி குழு விவரத்தை டிக்கெட்டுக்குள்ளேயே வைக்கிறது. டோக்கன் பெருத்து, நாங்கள் பாதியைத்தான் படித்திருக்கிறோம்.

இப்போது முதல் 4 பைட்டில் நீளம், பிறகு டோக்கன், முழுதாக வரும்வரை படிப்பு. 'இன்னும் தொடர வேண்டும்' என்று ஜிஎஸ்எஸ் சொல்லும்வரை சுற்றும் லூப்பும் உண்டு. கெர்பரோஸ் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு டோக்கனில் முடிந்துவிடுகிறது என்று அதை விட்டுவிடாதீர்கள். விண்டோஸின் பழைய முறையான என்டிஎல்எம் வந்தால் மூன்றாவது டோக்கன் இருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, பல லாகின் முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடும் சாஸலைத்தான் (SASL) நான் சொல்வேன். ஆர்எஃப்சி 4422. கெர்பரோஸ் கணக்கு இருப்பவருக்கு ஜிஎஸ்எஸ், இல்லாதவருக்கு பாஸ்வேர்டை அனுப்பாமலே சரிபார்க்கும் ஸ்க்ராம் என்று ஒரே வாசலில் இரண்டையும் வைக்கலாம். எங்களிடம் கெர்பரோஸ் இல்லாத வெளிப் பயனர்கள் வந்தபோது, இரண்டாவது லாகின் பாதையைத் தனியாக எழுதித்தான் சமாளித்தோம்.