மார்ச் கடைசியில் குல்மார்க்: பனியா, சேறா?

நூல்கண்டு, திருப்பூர்:
மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு மார்ச் கடைசியில் முடிகிறது. முடிந்த கையோடு காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போய் நான்கு நாள் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம் என்று வீட்டில் மூன்று பேருக்கும் ஆசை. மூவருமே சறுக்குப் பலகையைத் தொட்டதில்லை. ஒரு டிராவல்ஸ்காரர் ஏப்ரல் பாதி வரை பனிக்குக் குறைவே இல்லை என்கிறார். இன்னொருவர் பணத்தைத் தண்ணீரில் போடாதீர்கள் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோழிப்பண்ணை, பல்லடம்:
வேண்டாம் அண்ணா. மார்ச் 28 அன்று போய் நின்று ஏமாந்தவன் சொல்கிறேன். விடுதி வாசலில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பழுப்புப் புல்லும் குதிரைச் சாணமும்தான். நடுநடுவே வெள்ளையாகத் திட்டுத் திட்டாகக் கொஞ்சம் பனி. வாடகைக்கு எடுத்த பூட்ஸுக்குள் முந்தின நாள் எவரோ விட்டுப்போன ஈரம். காலை எட்டு மணிக்குத் தரை சிமெண்ட் தளம் போல இருந்தது. மதியம் இரண்டுக்கு நாற்று நடுகிற வயல். கற்றுக்கொடுத்தவர் எங்களை மரங்களுக்குப் பின்னால் ஒரு தறிக்கூடம் அகலத்துக்கு மிச்சமிருந்த பனிக்கு நடத்திக்கொண்டு போனார். பிப்ரவரியில் போங்கள். முடியாவிட்டால் அடுத்த வருடம்.

ஆழியாறு:
தம்பி, நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். எட்டு மணிக்கும் போனீர்கள், இரண்டு மணிக்கும் போனீர்கள். பத்து மணிக்கு எங்கே இருந்தீர்கள்?

வசந்தகாலப் பனி பகலில் உருகி இரவில் உறையும். இப்படிப் பல நாள் நடந்தால் பொடிப்பனி தன் உருவத்தை இழந்து உருண்டை மணிகளாகத் திரண்டுவிடும். சேலத்து ஜவ்வரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். விடியலில் மணிகளெல்லாம் ஒட்டி ஒரே பாளமாக இருக்கும். பலகை அதன்மேல் போகும்போது தேங்காய் துருவுகிற சத்தம் வரும். வெயில் ஏற ஏற மேல் அடுக்கு மட்டும் இளகும். பலகையின் விளிம்பு அரை விரல் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், திரும்பச் சொன்னால் திரும்பும். விழுந்தாலும் வலிக்காது. தெளிந்த வானமாக இருந்தால் சுமார் பத்திலிருந்து பன்னிரண்டு வரை அந்தப் பதம் நிற்கும். புதிதாகக் கற்பவருக்கு பிப்ரவரி ஆழப்பனியைவிட இது எவ்வளவோ மேல். வெல்லம் காய்ச்சுகிறவருக்குப் பதம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, இதுவும் அப்படித்தான்.

கோழிப்பண்ணை, பல்லடம்:
பதம் சரி அண்ணா, பாத்திரம் வேண்டாமா? குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர். வெயில் வந்தால் முதலில் உருகுவது அதுதான், புதியவர்களுக்குப் பாடம் நடப்பதும் பெரும்பாலும் அதிலேதான். மேலே அபர்வத் மலைப் பக்கம், 3,900 மீட்டருக்கு மேல், ஏப்ரலில் பனி கிடக்கும். அங்கே நூல்கண்டு அண்ணன் குடும்பத்தோடு நின்று என்ன செய்வார்? புகைப்படம் எடுப்பார். பனி இருக்கும் இடத்தில் இவர்களால் சறுக்க முடியாது, இவர்கள் சறுக்கக்கூடிய இடத்தில் பனி இராது. டிராவல்ஸ்காரர்கள் மறைப்பது இதைத்தான்.

ஆழியாறு:
நியாயமான கேள்வி. ஆனால் இரண்டுக்கும் நடுவே கோங்டூரி இருக்கிறதே. ரோப்காரின் முதல் கட்டம் அங்கேதான் இறக்கிவிடும், ஏறத்தாழ 3,080 மீட்டர். 400 மீட்டர் ஏறினால் இரண்டு, இரண்டரை டிகிரி குறையும். நான் போன ஏப்ரல் முதல் வாரத்தில் கீழே புல், அங்கே நிலையத்தை ஒட்டிய மெதுவான சரிவில் முழங்கால் அளவு பனி. எங்களுக்குப் பாடம் அங்கேதான் நடந்தது. ரோப்கார் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி என்றால் பனி உறுதி என்பதும் பழைய கணக்கு. 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் தரையாகக் கிடந்தது. 2025 பிப்ரவரி 22 அன்று அங்கே தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி இல்லாமல் தள்ளிவைத்து மார்ச் 9 அன்றுதான் தொடங்கினார்கள்.

பவானிக்காரர்:
கண்ணு, வழுக்கி விழுவதற்கு விமான டிக்கெட் எடுத்துப் போகிற கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன். தை மாதம் ஊட்டி தலைகுந்தாவுக்கு விடியலில் போனால் புல்லெல்லாம் உறைபனி. டீ குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

நூல்கண்டு, திருப்பூர்:
ஐயா, உறைபனியில் சறுக்க முடியாதே! ஆழியாறு அண்ணா, உடுப்பு என்ன எடுக்கட்டும்? நம் கம்பெனி பருத்தி பனியன் ஆளுக்கு ஆறு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆழியாறு:
பனியன் ஊர்க்காரரிடம் இதைச் சொல்ல நேர்ந்ததே என்று வருத்தம்தான். பருத்தி வேண்டாம். ஏறி இறங்கினால் வேர்க்கும். பருத்தி அந்த ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், மேகம் மூடியதும் முதுகு விறைக்கும். உங்கள் ஊரிலேயே ஏற்றுமதிக்குத் தைக்கிற பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை போதும். முகத்துக்கு வெயில் தடுக்கும் களிம்பு கட்டாயம். வெயில் பனியில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். எனக்குத் தோல் உரிந்தது தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் உள்ளேயும். கருப்புக் கண்ணாடியைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

கோழிப்பண்ணை, பல்லடம்:
மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுமே, அந்தப் பனிச்சரிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? 2024 பிப்ரவரியில் அங்கே ஒரு வெளிநாட்டவர் அதில் சிக்கி இறந்தார்.

ஆழியாறு:
சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. வசந்தத்தில் ஆபத்து ஈரத்தால் வருகிறது. உருகிய நீர் அடுக்குகளுக்குள் இறங்கிப் பிடிப்பைத் தளர்த்தும். பாறை ஓரங்களிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலோ, பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ செங்குத்துச் சரிவுகளின் அடியில் நிற்கக்கூடாது. மதியத்துக்கு மேல் முழங்காலுக்கும் கேடு. நீர் கோத்த பனி பலகையைக் கவ்வி நிறுத்திவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார். பன்னிரண்டரைக்குப் பலகையைக் கழற்றிவிடுங்கள்.

நூல்கண்டு, திருப்பூர்:
கோவையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். காலையில் கோங்டூரி, மதியம் ஓய்வு. மூன்றாம் நாளும் பனி சரியில்லை என்றால் கீழே இறங்கி ஸ்ரீநகர் துலிப் தோட்டம். மார்ச் கடைசியில் திறந்துவிடுகிறார்களாம். மகளுக்கு இப்போதே பூட்ஸ் அளவுக் கவலை.

கோழிப்பண்ணை, பல்லடம்:
என் கருத்தில் மாற்றமில்லை, பிப்ரவரிதான். ஆனாலும் போவதென்று ஆகிவிட்டதால் ஆளுக்கு மூன்று ஜோடி கம்பளிக் காலுறை எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் கால் மரத்துவிடும். தினம் ஒன்றாக மாற்றுங்கள். பூட்ஸை முதல் நாள் மாலையே வாங்கி அறையில் ஹீட்டர் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் வாங்கினால் அந்த ஈரம் உங்களுக்கும் கிடைக்கும்.