புதுப்பிப்பு: கூச்ச சுபாவமுள்ள சிப்பிப்பாறை நாய்க்கு முதலில் எந்தக் கண்காட்சி?

வியாசர்பாடியிலிருந்து கேட்டிருந்தேன்: ஒரு வயது நிரம்பாத சிப்பிப்பாறை, புது ஆட்களைக் கண்டால் ஒடுங்கும், நேராகப் பெரிய சாம்பியன்ஷிப் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதலில் ஊருக்குள் நடக்கும் சின்னக் கண்காட்சி, அதுவும் நாட்டு இன நாய்களை அறிந்த நடுவர் வரும் நாள்" என்ற யோசனைதான். சிலர் சொன்னபடி சும்மா கூட்டிப்போய்ப் பழக்க முடியவில்லை. அன்றைய போட்டிக்குப் பெயர் கொடுக்காத நாய்களை அங்கே உள்ளே விடவில்லை. அதனால் நான் மட்டும் போய் நடுவர் எப்படித் தொட்டுப் பார்க்கிறார் என்று கவனித்தேன். அப்புறம் தெருவில் தெரிந்தவர்களை எல்லாம் நடுவர் போலவே என் நாயின் வாயைத் திறந்து பல் பார்க்கச் சொன்னேன். டீக்கடை அண்ணன் உட்பட!

பிறகு ஒரு சின்னக் கண்காட்சியில் இறக்கினேன்: குட்டிகள் பிரிவில் இரண்டாம் இடம். ஒலிபெருக்கிக்குப் பயப்படும் என நினைத்தேன்; ரயில் சத்தத்தில் வளர்ந்தது, காதைக்கூட அசைக்கவில்லை. மிரண்டது விரித்திருந்த பச்சைக் கம்பளத்தைப் பார்த்துத்தான். இப்போது மொட்டைமாடியில் பழைய கம்பளம் போட்டு நடத்துகிறேன்.

பெரிய கண்காட்சிக்கு இந்திய கென்னல் கிளப் (நாய்களின் இனத்தைப் பதியும் அமைப்பு) பதிவும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் வேண்டும். அந்த வேலை நடக்கிறது.