மாடி அறைக்குக் காற்று எங்கிருந்து வரும்?

குழு: அம்மா வீடு

ஞாயிற்றுக்கிழமை

அக்கா மகள், காலை 8:14
எல்லாருக்கும் வணக்கம். மாடியில் தெருப்பக்கம் இருக்கும் 12-க்கு 10 அடி அறையை ஒலிப்பதிவு அறையாக மாற்ற அப்பா சம்மதித்துவிட்டார். ஒலிநூல்களுக்குக் குரல் கொடுக்கும் வேலையை இனி வீட்டிலேயே செய்யலாம், ஞாயிறுகளில் வீணையும் மிருதங்கமும் சேர்த்துப் பதிவு செய்யலாம். நாளைக் காலையில் தச்சர் வந்து சுவர்களிலும் கூரையிலும் ஃபோம் ஒட்டப் போகிறார். சன்னலை அடைத்து, கதவிடுக்கில் ரப்பர் பட்டை வைத்து, ஓர் ஏசியையும் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்.

நான், காலை 8:31
கண்ணு, மிகவும் மகிழ்ச்சி. ஆனால் நாளை வர வேண்டாம் என்று தச்சரிடம் இன்றே சொல்லிவிடு. ஃபோம் ஒட்டினால் அறைக்குள் உன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவது குறையும், அவ்வளவுதான். தெருவில் போகும் தண்ணீர் லாரியின் உறுமலுக்கு அது சன்னல் திரைக்குச் சமம். ஒலியைத் தடுப்பவை வேறு: சுவரின் எடை, ஒரு நூல்கூட இடுக்கில்லாத அடைப்பு, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு சுவர்கள், அவற்றுக்கு நடுவே ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய கம்பளி.

தம்பி, காலை 8:40
அண்ணன் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள். மலிவான பாலியூரித்தேன் ஃபோம் தீப்பிடித்தால் நொடிகளில் பரவும், அதன் புகை நஞ்சு. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு ஓர் இரவு விடுதியில் ஒலிக்காக ஒட்டியிருந்த ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு, 100 பேர் இறந்தார்கள். மின்கம்பிகள் நிறைந்த பூட்டிய அறையில் அதைச் சுவர் முழுக்க ஒட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

அத்தான், காலை 9:05
எனக்கு இது தெரியாது, நல்லவேளை இன்றைக்கே சொன்னீர்கள். அப்படியானால் உள்ளே நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைச் சுற்றிலும் எழுப்பிவிடலாமா? செலவு ஓரளவு கூடினாலும் பரவாயில்லை.

தம்பி, காலை 9:22
அத்தான், அது மாடித் தளம் என்பதை மறந்துவிட வேண்டாம். குடியிருப்புத் தளங்களை ஆட்கள், சாமான்கள் ஆகியவற்றின் எடைக்காகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறோம். நீங்கள் சொல்லும் செங்கல் சுவர் ஒன்பது அடி உயரத்துக்கு எழுந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 600 கிலோவுக்குக் குறையாது. அதற்குப் பதிலாகத் தனி இரும்புச் சட்டத்தில் 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகையை இரண்டு அடுக்காக அடித்தால் அதே நீளத்துக்கு 70 கிலோ அளவில் முடிந்துவிடும். வெளிச்சுவர் ஏற்கெனவே ஒன்பது அங்குலச் செங்கல் என்பதால் உள்ளே இந்த ஜிப்சம் சுவர் போதும். அதுவும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து தளத்தைப் பார்த்த பிறகுதான். இப்போதிருக்கும் ஃபால்ஸ் சீலிங்கையும் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் அதன் கீழே இன்னொரு கூரை வந்தால் நடுவில் இரண்டு காற்றறைகள் உண்டாகி, தாழ்ந்த ஒலிகள் முன்னைவிட எளிதாகக் கடந்து வரும்.

அக்கா, காலை 9:40
நீங்கள் எல்லாரும் சத்தத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சன்னலையும் அடைத்து, கதவிடுக்கையும் அடைத்து, சுவருக்குள் சுவரும் வைத்துவிட்டால், என் பெண் அதற்குள் உட்கார்ந்து எந்தக் காற்றை மூச்சு விடுவாள்?

சித்தப்பா, காலை 9:44
அதற்குத்தானே அம்மா ஏசி மாட்டுகிறார்கள்.

நான், காலை 10:10
அக்கா கேட்டதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். சித்தப்பா, ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் இழுத்துக் குளிர்வித்து அதே அறைக்குள் விடுகிறது. வெளியிலிருந்து ஒரு பிடி காற்றைக்கூட உள்ளே கொண்டுவருவதில்லை. என் வீட்டு அறையைக் கட்டியபோது நானும் இதை அறியாமல்தான் இருந்தேன். எல்லாம் முடிந்து, முதல் நாள் மூன்று பேர் உட்கார்ந்து பாடல் பதிவைத் தொடங்கினோம். முதல் அரை மணி நேரம் அருமையாகப் போனது. அதன் பிறகு பாடகிக்குக் கொட்டாவி வரத் தொடங்கியது, அடியெடுக்கும் இடத்தில் சுருதி இறங்கியது, எனக்குப் பின்மண்டை கனத்தது. நாங்கள் களைப்பு என்றே நினைத்தோம். கதவைத் திறந்து வெளியே வந்து இரண்டு நிமிடம் நின்றதும் எல்லாருக்கும் தெளிந்துவிட்டது. மறுவாரம் கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி உள்ளே வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அது பத்து லட்சத்துக்கு 2700 பங்கைத் தாண்டியது. வெளிக்காற்றில் அந்த அளவு 420-க்குச் சற்று மேல்தான் இருக்கும்.

அக்கா மகள், காலை 10:18
ஒரு மணி நேரத்திலா? என்னுடைய ஒலிநூல் அமர்வு ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, மாமா.

நான், காலை 10:35
கணக்குப் போட்டுப் பார். உள்சுவர் வந்த பிறகு உன் அறையில் 25 கனமீட்டர் காற்று மிஞ்சும், அதாவது 25,000 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 20 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இரண்டு பேர் என்றால் 40 லிட்டர், பத்து லட்சத்துக்கு 1600 பங்கு. காற்றோட்டம் இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் 2000, இரண்டு மணி நேரத்தில் 3600 என்று ஏறிக்கொண்டே போகும். நான் அதைச் சரிசெய்யச் சுவரில் எட்டங்குல எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். காற்று வந்தது, கூடவே தெருவும் வந்தது. முடிந்த சுவரையும் கூரையையும் மறுபடி பிரித்துக் குழாய் போட வேண்டியதாயிற்று. அந்த நிலை உனக்கு வரக்கூடாது என்பதால்தான் தச்சரை நிறுத்தச் சொல்கிறேன். காற்றுக்கான வழியை முதலில் வரைவோம், சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.

அத்தான், காலை 10:52
சுவரில் துளை போட்டால் சத்தம் வரும், போடாவிட்டால் மூச்சு முட்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே என்னதான் செய்வது?

நான், காலை 11:20
துளையைப் போட்டே ஆக வேண்டும், அத்தான். காற்றும் ஒலியும் ஒரே துளை வழியாகத்தான் வரும், ஆனால் வளைந்து வளைந்து போகும்போது காற்று அவ்வளவாகத் தளர்வதில்லை, ஒலி தளர்ந்துவிடும். அதற்குத்தான் ஒலியடக்குப் பெட்டி. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை இரட்டையாக வைத்து நான்கடி நீளப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே குறுக்குத் தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்தால் காற்று பாம்பு ஊர்வதுபோல் நெளிந்து செல்ல வேண்டியிருக்கும். உட்பக்கம் முழுவதும் கறுப்புத் துணி போர்த்திய கண்ணாடிக் கம்பளியை ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒலி அந்தக் கம்பளியில் மோதி உறிஞ்சப்படும். ஆனால் இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. கம்பளி ஒட்டிய பிறகு மிஞ்சும் பாதை, குழாயின் வாயைவிட இரண்டு மடங்காவது அகலமாக இருக்க வேண்டும். 6 அங்குலக் குழாயின் வாய் 28 சதுர அங்குலம், பெட்டிக்குள் 8-க்கு 8 அங்குலம் வெறுமையாக இருந்தால் 64 சதுர அங்குலம். பாதை குறுகினால் காற்றே விசிலடிக்கும்.

தம்பி, காலை 11:34
குழாயின் அளவையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று கொண்டால் மூன்று பேருக்கு 30 லிட்டர். அது 6 அங்குலக் குழாயில் வினாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் போகும், 4 அங்குலக் குழாயிலோ 3.7 மீட்டர் வேகத்தில் போகும். வேகம் இரட்டித்தால் காற்றின் இரைச்சல் 15 டெசிபெல் அளவுக்கு உயரும் என்பதால், கடைக்காரர் எளிது என்று சொன்னாலும் 4 அங்குலத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். அறைக்குள் காற்று இறங்கும் வாயை ஓரடிக்கு ஓரடியாக விரித்துவிட்டால் முகத்தில் படுவதுகூடத் தெரியாது. குழாயின் நடுவே பொருத்தும் இன்லைன் விசிறியைப் பெரியதாக வாங்கி, குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும், அதை அறைக்கு வெளியேதான் வைக்க வேண்டும்.

அக்கா மகள், காலை 11:41
சின்ன மாமா, எத்தனை பெட்டிகள் தேவைப்படும்?

தம்பி, காலை 11:50
நான்கு. காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, ஒவ்வொன்றிலும் செங்கல் சுவருக்கு ஒரு பெட்டி, ஜிப்சம் சுவருக்கு ஒரு பெட்டி. இரண்டு பெட்டிகளையும் வளையும் குழாயால் இணைக்க வேண்டும், வளையாத விறைப்பான தகரக் குழாய் போட்டால் ஒரு சுவரின் அதிர்வு மறு சுவருக்குப் பாலம் போட்டுக் கடந்துவிடும். காற்றை எடுக்கும் வாய் கொல்லைப்பக்கம், சமையலறைப் புகைபோக்கிக்குத் தள்ளி இருக்கட்டும். மழைமூடியும் கொசுவலையும் கட்டாயம் வேண்டும். வலையில் தூசி அடைந்தால் காற்று பாதியாகிவிடும் என்பதால் கழற்றித் துலக்கும்படி அமைக்க வேண்டும்.

சித்தப்பா, மாலை 4:15
ஐம்பது ஆண்டுகளாக மிருதங்கம் வாசிக்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தைகள் சொல்கிறேன், குழந்தாய். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதம் காற்றில் மட்டும் போவதில்லை, தரை வழியாகவும் இறங்கும். நீ மேலே வாசித்தால் கீழே உன் அம்மாவின் சமையலறைப் பாத்திரங்கள் அதிரும். ஆகவே தளத்தின் மேல் ரப்பர் திண்டுகளை இட்டு, சுவரைத் தொடாத பலகைத் தரை ஒன்றை அமைத்துக்கொள். இன்னொன்று, வெளிக்காற்றோடு ஈரமும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வார்களும் தோலும் நெகிழ்ந்துவிடும். வீணைக்கோ சித்திரை வெயில்தான் பகை, தந்தியை அழுத்தும் இடத்தில் குறுக்கே இருக்கும் மெட்டுகள் பதிந்திருக்கும் மெழுகு அதில் இளகும். வாத்தியம் உள்ளே இருக்கும் நாட்களில் ஏசியை முன்கூட்டியே ஓட்டி அறையை ஒரு நிலையில் வைத்துக்கொண்டு, பதிவின்போது நிறுத்திவிடு.

நான், மாலை 4:40
சித்தப்பா சொன்னபடியே செய். ஏசியை நிறுத்தினாலும் காற்று விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்தடையின்போதும் அது நிற்காதபடி இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுத்துவிடு. இடுக்குகளைப் பற்றியும் ஒன்று: தெருவில் 75 டெசிபெல் இருக்கும்போது அறைக்குள் 25 வேண்டுமென்றால் 50 குறைய வேண்டும், ஆனால் சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே எவ்வளவு நல்ல சுவரானாலும் 20-க்கு மேல் தடுக்காது. கதவைச் சுற்றியும், மின்கம்பி நுழையும் துளைகளிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அத்தான், மாலை 5:02
தச்சரிடம் பேசிவிட்டேன். பொறியாளர் புதன்கிழமை வருகிறார். சன்னலை முழுவதுமாக அடைக்காமல், உட்சுவரில் திறக்கக்கூடிய இரண்டாவது தடித்த கண்ணாடியை வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆபத்து என்றால் வெளியேற இன்னொரு வழி இருக்க வேண்டும்.

ஒன்பது வாரங்களுக்குப் பிறகு, சனிக்கிழமை

அக்கா மகள், மாலை 6:20
மாமா, இன்று முதல் சோதனை முடிந்தது. நீங்கள் தொலைபேசியில் சொன்னபடி, காற்று வரும் வழியை அடைத்துவிட்டு வெளியேற்றும் விசிறியை மட்டும் ஓட்டி, ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனேன். கதவருகே புகை நேராக எழுந்தது. ஸ்விட்ச் பெட்டியின் அருகே வந்ததும் சட்டென்று அறைக்குள் சாய்ந்தது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் கம்பி வரும் குழாய் திறந்தபடியே இருந்தது. அடைத்த பிறகு புகை அங்கும் நேராக நின்றது. பிறகு இரண்டு வழிகளையும் திறந்து முப்பது நொடி மௌனத்தைப் பதிவு செய்து கேட்டேன். தெரு இல்லை, காற்றின் சத்தமும் இல்லை, ஆனால் மெல்லிய ரீங்காரம் ஒன்று அடியில் ஓடியது.

தம்பி, மாலை 6:28
விசிறியைச் சுவரில் நேரடியாக முடுக்கியிருப்பார்கள். கழற்றி, ரப்பர் வளையங்களில் தொங்கவிடச் சொல்.

அக்கா மகள், இரவு 8:55
அதுவேதான், சின்ன மாமா. தொங்கவிட்டதும் ரீங்காரம் மறைந்துவிட்டது. இப்போது நாங்கள் மூன்று பேர் இரண்டு மணி நேரமாக உள்ளே இருக்கிறோம், கருவி 960 காட்டுகிறது, கதவை ஒருமுறையும் திறக்கவில்லை.

அக்கா, இரவு 9:10
கீழே பாத்திரம் எதுவும் அதிரவில்லை, நீங்கள் வாசித்ததே எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாப்பிட வரச் சொல்லி மூன்று முறை கதவைத் தட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இந்தக் குழுவைப் பார்த்தால் மூவரும் உடனே கீழே வாருங்கள்.

அத்தான், இரவு 9:14
நாளைக்கே மின்பணியாளரை வரவழைத்து உள்ளே ஒரு சிவப்பு விளக்கும், அதற்கான பொத்தானைச் சமையலறையிலும் வைத்துவிடுகிறேன். தம்பி, அந்தக் கம்பி போகும் துளையை எதைக் கொண்டு அடைப்பது என்று மட்டும் இப்போதே சொல்லிவிடு.